கண்விழிப்பும் கூம்பு ஒலிபெருக்கியும்: திருவண்ணாமலையில் பழம்படங்கள் இளையோரை அடைந்த வழி

பழைய தமிழ்ப் படங்கள், அவை வெளிவந்த காலத்தில் பிறந்தே இராத இளையோரை ஒரு கோயில் நகரத்தில் எவ்வழியாக வந்தடைந்தன என்ற கேள்விக்குத் திரையரங்குகளின் வரலாறு மட்டுமே விடையாகிவிடாது. சென்னையில் 1957-இல் தோன்றிய மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி போன்ற திரைப்படச் சங்கங்கள், அதாவது உறுப்பினர்களிடம் சந்தா பெற்றுத் தேர்ந்தெடுத்த படங்களை அவர்களுக்கு மட்டும் திரையிட்டுக் காட்டும் அமைப்புகள், மாநகரத்துப் படித்தவர்களுக்கு உலகப் படங்களை அறிமுகப்படுத்திவந்த காலத்தில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தென்கோடியில் இருந்த திருவண்ணாமலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் அந்த வேலையைக் கோயில் விழா நாட்களும், தெருக்கூத்து மேடையும், கல்யாண வீட்டு வாசலில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியும், பழைய பிரதிகளை எடுத்து ஓட்டிய டூரிங் டாக்கீஸும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. படங்களைக் கொண்டுவந்து சேர்த்ததோடு அவற்றின் பணி நிற்கவில்லை. எந்தப் படம் அடுத்த தலைமுறைக்கும் உரியது, எது ஓடி முடிந்தவுடன் மறக்கப்படும் என்ற தெரிவையும் பெரும்பாலும் அவையே செய்தன. இந்தத் தெரிவில் கலைத்தரத்துக்கு இருந்த இடம் சிறிதுதான்.

வணிகப் பின்னணியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டின் சுற்றுத் திரையரங்கு மரபைக் கணக்கிடுவது வழக்கம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று, கீற்றுக் கொட்டகையோ துணிக்கூடாரமோ அமைத்து, மணல் பரப்பிய தரையையும் சில பெஞ்சுகளையும் இருக்கைகளாகக் கொண்டு நடந்த இவ்வகை அரங்குகளே டூரிங் டாக்கீஸ் எனப்பட்டன. படத்தொழிலில் தமிழ்நாடு பல விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்து என்.எஸ்.சி. ஏரியா என்பர், திருவண்ணாமலை அதில் அடங்கியது. புதுப்படம் முதலில் பெரிய ஊர்களிலும், பிறகு சிறிய நகரங்களிலும், கடைசியாகக் கிராமத்துக் கொட்டகைகளிலும் ஓடும் என்பதால், படச்சுருள்கள் அடங்கிய பெட்டி கடைக்கோடிக்கு வந்துசேர மாதக்கணக்காகும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கும் ஆகும். ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை படத்தை மாற்றியாக வேண்டிய கொட்டகைக்காரர் புதுப்படங்களை மட்டுமே நம்பித் தொழில் நடத்த இயலாது. எனவே குறைந்த வாடகைக்குக் கிடைத்த பழைய படங்கள் இடைவெளியை நிரப்பின. இன்று பெருமையோடு பேசப்படும் பல படங்கள் இரண்டாம், மூன்றாம் தலைமுறையைச் சென்றடைந்ததற்கு, அவை மலிவாகக் கிடைத்தன என்பதைவிடப் பெரிய காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

அவ்வாறு வந்த பிரதிகள் முழுமையானவையும் அல்ல. முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம், நிமிடத்துக்கு 90 அடி நீளம் ஓடும். பல நூறு முறை ஓடிய பிரதியில் நெடுங்கோடுகளாகக் கீறல் விழும், இதைத்தான் படத்தில் மழை பெய்கிறது என்று கொட்டகைப் பார்வையாளர்கள் கேலி செய்தனர். அறுந்த இடத்தில் ஆபரேட்டர் சில சட்டங்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். ஒவ்வோர் ஒட்டுக்கும் ஒரு சொல்லோ ஒரு பார்வையோ குறையும். ஒரே புரொஜெக்டர் வைத்திருந்த கொட்டகைகளில் சுருள் மாற்றுவதற்காகவே இடைவேளைகள் மூன்றோ நான்கோ விடப்பட்டன. ஆகவே 1970-களில் ஒரு சிறுவன் இங்கே கண்ட 1950-களின் படம், அவனுடைய தந்தை கண்ட அதே படம் அன்று. அது குறைந்து, கீறி, பாடல்களில் சில காணாமற்போன மற்றொரு படம். குறைந்த பகுதியை நிரப்பியவர்கள் அருகில் அமர்ந்திருந்த பெரியவர்கள். வசனத்தை முன்னரே அறிந்த அவர்கள், நடிகர் வாய்திறக்கும் முன்பே அதை உரக்கச் சொல்லிவிடுவது அக்காலக் கொட்டகைகளின் பொதுக்குணம். புதிதாகப் பார்க்க வந்தவனுக்கு இது எரிச்சலாகவும் இருந்திருக்கலாம், பாடமாகவும் இருந்திருக்கலாம்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் நிலவிய ஒரு வழக்கம் இங்கே தனிக் கவனத்துக்கு உரியது. மகா சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி ஆகிய இரு இரவுகளிலும் உறங்காமல் விழித்திருப்பது விரதத்தின் ஓர் அங்கம். கோயிலில் கால பூசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கழிக்க முன்பு புராணம் படித்தனர், பஜனை பாடினர், ஏகாதசியன்று பரமபதம் ஆடினர். இந்தப் பட்டியலில் திரையரங்கும் வந்து சேர்ந்தது. ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு அல்லது மூன்று படங்களை இரவு முழுவதும் ஓட்டுவது கொட்டகைகளின் ஆண்டு வழக்கமாயிற்று. அந்த இரவுகளுக்கு எடுக்கப்பட்டவை பெரும்பாலும் பழைய படங்களே. ஓர் இரவுக்காகப் புதுப்படத்துக்குப் பெருந்தொகை கொடுப்பார் இலர் என்பது ஒரு காரணம். புண்ணிய இரவில் சாமி படம் பார்த்தால் விரதத்துக்குப் பங்கம் இல்லை என்ற மனச்சமாதானம் மற்றொரு காரணம். சிவன் அடிமுடி காணா நெருப்புத் தூணாக அயனுக்கும் மாலுக்கும் முன் நின்ற தலம் திருவண்ணாமலையே என்பதும், அவ்விரவே சிவராத்திரி என்பதும் தலபுராண மரபு. அந்த மரபை ஏற்றுக்கொண்ட வட்டாரத்தில் அவ்விரவின் கண்விழிப்புக்கு இருந்த மதிப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இவ்வழக்கத்தால் விளைந்த சமூகப் பயன் ஒன்றும் உண்டு. சாதாரண நாட்களில் இரவாட்டத்துக்குச் செல்ல இசைவு கிடைக்காத சிறுவர்களும், அவர்களைவிடக் கண்டிப்பாக வளர்க்கப்பட்ட பெண்பிள்ளைகளும், தாயோடும் பாட்டியோடும் விரதத்தின் பெயரால் அந்த ஓர் இரவில் வெளியே வர முடிந்தது. பெண்களுக்கெனத் தடுப்புக் கட்டிப் பிரித்த தரைப்பகுதியில் அமர்ந்து, முதற்படத்தை விழித்தும், இரண்டாவதைப் பாதி உறங்கியும், மூன்றாவதைக் கனவோடு கலந்தும் கண்ட அத்தலைமுறைக்குப் பழைய படம் என்பது நள்ளிரவோடும் திருநீற்று மணத்தோடும் பிணைந்த ஒன்றாயிற்று. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்து நாட்களும் இதே தன்மையில் இயங்கின. 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும் நாளை ஒட்டி மாட்டுச் சந்தைக்கும் தேருக்கும் வெளியூரிலிருந்து வந்து இரவில் தங்க இடமின்றி நின்ற கூட்டத்துக்கு, விழாக்காலக் கொட்டகை ஒரு பொழுதுபோக்கு இடம் மட்டுமல்ல, மழைக்கும் பனிக்கும் ஒதுங்கும் கூரையுமாகும்.

இந்த இரவுகளால் நிலைபெற்றவர் ஏ.பி. நாகராஜன். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக்குழுவில் பயின்று திரைக்கு வந்த அவர் 1965-இல் திருவிளையாடல், 1966-இல் சரஸ்வதி சபதம், 1967-இல் கந்தன் கருணை, திருவருட்செல்வர், 1968-இல் திருமால் பெருமை என அடுத்தடுத்துப் புராணப் படங்களை இயக்கினார். பரஞ்சோதி முனிவரின் நூலில் உள்ள அறுபத்துநான்கு திருவிளையாடல்களிலிருந்து சிலவற்றையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி நாடகம்போல் நிறுத்தியமையால், திருவிளையாடல் படத்தை எந்த இடத்தில் விழித்துப் பார்க்கத் தொடங்கினாலும் கதை விளங்கும். நாகேஷின் தருமியும் இயக்குநரே ஏற்ற நக்கீரரும் தோன்றும் பகுதியை மட்டும் பார்த்தவருக்கும் ஒரு முழுமை கிடைக்கும். விடிய விடிய நடக்கும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. திரைமொழியின் நுட்பத்தைக் கொண்டு அளந்தால் நாகராஜனின் சிறந்த படம் 1968-இல் வந்த தில்லானா மோகனாம்பாள்தான் என்று வாதிட இடமுண்டு; ஆனால் கண்விழிப்பு இரவுகள் தேர்ந்தெடுத்தது அதையன்று.

கண்ணைவிடக் காது முந்திக்கொண்டது என்பது இவ்வரலாற்றின் மற்றொரு பாதி. ஒரு படத்தின் உரையாடலையும் பாடலையும் சுருக்கி இசைத்தட்டுகளில் பதிந்து விற்ற கதைவசனத் தட்டுகள், அவற்றைப் போலவே படத்தின் ஒலியை மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் செதுக்கி வானொலியில் ஒலிபரப்பிய ஒலிச்சித்திரம், கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் படத்தைப் பார்க்காதவரையும் படத்துக்குள் இழுத்தன. திருமணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் கூழ் வார்த்தல் என எந்த நிகழ்ச்சியானாலும் ரேடியோ செட்டுக்காரர், அதாவது இசைத்தட்டுக் கருவியையும் கூம்பு ஒலிபெருக்கியையும் வாடகைக்குக் கொண்டுவருபவர், தென்னையிலோ புளியமரத்திலோ கூம்பைக் கட்டி ஊர் முழுவதும் கேட்கும்படி வைப்பார். வீரபாண்டிய கட்டபொம்மனும் பராசக்தியும் திருவிளையாடலும் இவ்வாறு ஆண்டுக்குப் பலமுறை ஒலித்தன. 1959-இல் வந்த கட்டபொம்மனை 1980-களில் முதன்முதலாகத் திரையில் காணச் சென்ற இளைஞருக்கு ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதம் முன்னரே மனப்பாடம்; அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அதைச் சொல்பவரின் முகத்தை மட்டுமே.

இந்தக் கூம்புக்கு மதச்சார்பும் கிடையாது, கட்சிச்சார்பும் கிடையாது என்பது கோயில் நகரத்தில் கவனிக்கத்தக்க செய்தி. மு. கருணாநிதி உரையாடல் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, 1952 தீபாவளிக்கு வெளிவந்த பராசக்தி, கோயிலின் பெயரால் நடக்கும் கயமையைக் கண்டித்த படம். அதன் நீதிமன்ற உரையைச் சென்னைத் தெருவோரங்களில் ஒப்பித்துக் காசு வாங்கிய வேடிக்கைக்காரர்கள் இருந்தனர் என்பது பதிவான செய்தி. அப்படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரும், சிவாஜி கணேசனைக் கதாநாயகனாக்குவதில் உறுதியாக நின்றவருமான நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் வேலூரைச் சேர்ந்த விநியோகஸ்தர். அந்த வேலூரே அன்று திருவண்ணாமலைக்கும் மாவட்டத் தலைநகர். 1957 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. சார்பில் வென்ற இருவரில் ஒருவரான இரா. தருமலிங்கம் திருவண்ணாமலைத் தொகுதியிலிருந்து சென்றவர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோபுரத்தின் நிழலில் வாழ்ந்த ஊர், காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டையும், மதியம் பராசக்தியின் நாயகன் குணசேகரனின் வாதத்தையும் ஒரே கூம்பின் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்று அங்கிருந்த சிறுவர்கள் எண்ணியதாகக் கொள்ள இடமில்லை; எடுப்பான குரலில் பிசிறில்லாமல் பேசப்படும் தமிழ் என்ற அளவில் இரண்டும் அவர்களுக்கு ஓரினம்.

காதைப் பழக்கியதில் தெருக்கூத்துக்கும் பெரும்பங்கு உண்டு. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபகுதியில் செய்யாற்றை அடுத்துள்ள புரிசை, தெருக்கூத்தின் தலையாய ஊர்களுள் ஒன்று. அவ்வூரின் கண்ணப்பத் தம்பிரான் இக்கலையை நவீன நாடகக்காரர்களிடமும் கொண்டுசேர்த்தவர். திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்தோறும் பகலில் பாரதம் படிக்கப்பட்டு, இரவில் அதன் பகுதிகள் கூத்தாக ஆடப்படும். பத்து மணி அளவில் கட்டியங்காரன் வந்து தொடங்கிவைத்தால் பொழுது விடியும்வரை நடக்கும். அவற்றுள் கர்ண மோட்சம் பெரிதும் விரும்பப்படுவது. ஆகவே பி.ஆர். பந்துலு 1964-இல் எடுத்த கர்ணன், இவ்வட்டாரத்து இளையோருக்கு ஒரு புதுக்கதையாக வரவில்லை, ஏற்கெனவே அறிந்த கர்ணனுக்குப் போட்டியாகவே வந்தது. கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி. கணவனின் குலத்தை இகழ்ந்தவள், அவன் போர்க்களம் புறப்படும்போது மனம் மாறி விடைகொடுக்க முடியாமல் தவிப்பவள். இரவின் உச்சம் அந்தப் பிரிவுக் காட்சியே. படத்திலோ தேவிகா ஏற்ற பாத்திரத்தின் பெயர் சுபாங்கி. குலத்தைக் காட்டி இகழும் வேலை அவளுடைய தந்தைக்குப் போய்விட்டது. கூத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குப் படத்தின் கர்ணன் உருவத்தாலும் செல்வத்தாலும் பெரியவன், ஆனால் வீட்டுக்குள் அவமானப்பட்டவன் அல்லன். இந்த வேறுபாட்டை உணர்ந்து பார்ப்பதற்கு எந்தத் திரைப்படச் சங்கமும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இரு கலைகளுக்கும் இடையிலுள்ள இந்த உறவைப் பிற்காலத்தில் எதிர்த்திசையிலிருந்து காட்டியது முரளி மனோகர் இயக்கி, எஸ். ராமகிருஷ்ணன் எழுதி, தேசிய விருது பெற்ற கர்ண மோட்சம் என்ற குறும்படம். கர்ணன் வேடமிட்ட கூத்துக்கலைஞர் ஒருவர் மகனோடு மாநகரத்தில் அலைவதே அதன் கதை.

ஊரின் சொந்தக் கதையும் ஒருமுறை திரையேறியது. 1964-இல் வந்த அருணகிரிநாதர் படத்தில் டி.எம். சௌந்தரராசன் தலைமை வேடமேற்றுப் பாடி நடித்தார். இவ்வூர்க் கோயிலின் வல்லாள கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கியதாகக் கூறும் கதையைக் கேட்டு, அந்தக் கோபுரத்தை நாள்தோறும் கடந்து பள்ளிக்குச் செல்பவர்களுக்கு, திரையில் தோன்றிய அரங்க அமைப்பு ஏமாற்றத்தையும் பெருமிதத்தையும் ஒருங்கே தந்திருக்கக் கூடும். அருணகிரிநாதர் பாடிய திருப்புகழின் முதற்பாடலைப் பெரும்பாலான தமிழர் இன்று மனத்துக்குள் ஒலிக்கச் செய்வது இப்படத்தில் சௌந்தரராசன் பாடிய மெட்டில்தான். பவுர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகிய பின்னர் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் கடைகள்தோறும் ஒலித்த ஒலிநாடாக்களில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது. அதைக் கேட்டுக்கொண்டே நடப்பவர்களுள் பலர் படத்தைப் பார்க்காதவர்கள்.

தொலைக்காட்சி வந்ததும் இந்த ஏற்பாடு சிதறத் தொடங்கியது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் தொடங்கிய தூர்தர்ஷன் நிலையத்தின் ஞாயிறு மாலைத் தமிழ்ப்படம், ஒளிபரப்பு உள்மாவட்டங்களுக்கு எட்டிய 1980-களில், பெட்டி வைத்திருந்த வீட்டுக்கு முன் தெருவையே கூட்டியது. ஞாயிறு பிற்பகலில் தேசிய ஒளிபரப்பில் வந்த விருதுப் படங்கள், ஒரு வாரம் வங்காளம், மறுவாரம் மலையாளம் என்று, அடிக்குறிப்பு எழுத்துகளோடு வந்து சேர்ந்தன. பெரும்பாலோர் அந்நேரத்தில் உறங்கச் சென்றனர் எனினும், விழித்திருந்த சிலருக்கு அதுவே சத்யஜித் ரேயை முதன்முதலாகக் காணும் வாய்ப்பு. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கிய பின் நாள்தோறும் படம் என்ற நிலை வந்தது. விழா இரவுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை அற்றுப்போனபோது, பழைய படத்துக்கு இருந்த அரிய பொருள் என்ற மதிப்பும் உடன் போயிற்று. கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் பழக்கம் சற்று உருமாறி வேறிடத்தில் எஞ்சியது: 1975-இல் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் நடத்திய கலை இலக்கிய இரவுகள் இவ்வூரில் பெருங்கூட்டம் கூட்டியதற்கு, விடியும்வரை விழித்துக் கலை பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே உறைந்திருந்தது ஒரு காரணம் எனலாம்.

கர்ணன் 2012 மார்ச்சில் கணினி வழியே ஒளியும் ஒலியும் சீரமைக்கப்பட்டு மீண்டும் வெளிவந்து சென்னையில் நூறு நாட்களைக் கடந்து ஓடியபோது, பார்க்க வந்தவர்களில் இளையோரும் மிகுந்திருந்தது திரைத்தொழிலையே வியக்க வைத்தது. அதைத் தொடர்ந்து பாசமலர், ஆயிரத்தில் ஒருவன், வசந்த மாளிகை, கட்டபொம்மன் முதலியவை அடுத்தடுத்து மெருகேற்றி விடப்பட்டன. இந்த வரிசையில் உள்ளவை அனைத்தும் கூம்பு ஒலிபெருக்கி முன்பே ஊருக்கு அறிமுகப்படுத்தியவை. முதலீட்டாளர் எவரும் காது அறியாத படத்துக்குப் பணம் போடவில்லை. படச்சுருளைப் பாதுகாப்பதற்கென்றே 1964-இல் புணேயில் இந்தியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நிறுவப்படும் முன்பே, தமிழின் முதல் பேசும்படமான 1931-ஆம் ஆண்டின் காளிதாஸ் உட்படத் தொடக்ககாலப் படங்கள் பலவும் அழிந்துவிட்டன. பிழைத்தவற்றிலும் எது புத்துயிர் பெறும் என்பதைப் பழைய விழா இரவுகளே இன்றும் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வழியில் வர முடியாமற்போன படங்களுக்கு எடுத்துக்காட்டாக ‘அந்த நாள்’ என்ற படத்தைக் கூறலாம். ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கிய இப்படத்தில் பாடலே இல்லை. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ராஷோமோனைப் பின்பற்றி, ஒரு கொலையைப் பலருடைய பார்வையில் திரும்பத் திரும்பக் காட்டும் கதை என்று அது பொதுவாகக் கூறப்படுகிறது. நாயகனாக வரும் சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவர். திருமண வீட்டில் ஒலிக்கச் செய்ய அதில் பாட்டு இல்லை, சிவராத்திரிக்கு ஓட்ட சாமி இல்லை, கூத்தோடு ஒப்பிட்டுப் பேசக் கதைமரபும் இல்லை. பாதி உறக்கத்தில் பார்ப்பவர் ஒரு பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் அதன் முடிச்சே பிடிபடாது. அத்தகைய படம் இவ்வூர் இளையோரைச் சென்றடைய அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, யூடியூப் என்னும் இணையக் காட்சித்தளம் கைப்பேசியில் வந்த பிறகே எளிதில் கிடைப்பதாயிற்று. வசனத்தை முந்திச் சொல்ல அருகில் எவரும் இல்லாத தனிமையில்தான் அதைப் பார்க்க இயலும். அப்படம் கேட்பதும் அப்படிப்பட்ட பார்வையாளரைத்தான்.